தெருவோரத்தில் நின்றவர்கள்

நோர்த்தோல்ட்டில், ஏ40 பெருந்தெருவின் ஓரமாக, நாலு குன்றுகள் நிற்கின்றன. இயற்கைக் குன்றுகள் அல்ல. பழைய வெம்ப்ளி மைதானத்தை இடித்த கல்லும் கொங்கிறீற்றும், ஹீத்ரோவில் ஐந்தாவது முனையம் கட்டும்போது கிண்டிய மண்ணும், வைற் சிற்றியில் கிளறியதும் என்று லண்டன் வேண்டாமென்று கழித்ததையெல்லாம் கொண்டுவந்து கொட்டி, மேலே புல் முளைக்க விட்டு, 2008இல் பூங்கா ஆக்கிவிட்டார்கள். நோர்தாலா ஃபீல்ட்ஸ் என்று பெயர். ஆகப் பெரிய குன்றைச் சுற்றிச் சுற்றி ஒரு பாதை உச்சிக்கு ஏறும். அங்கே நின்றால் புதிய வெம்ப்ளியின் வளைவு தெரியும். ஐம்பது வயது கடந்த பிறகு நான் ஓடப் பழகியது அந்தக் குன்றுகளின் அடியில்தான்.

கீழே கிடப்பது பழைய வெம்ப்ளி என்று அறிந்த நாளிலிருந்து, அந்தப் பாதையில் கால் வைத்தால் அப்பாவின் ஞாபகம் வந்துவிடுகிறது. 1948 ஒலிம்பிக் நடந்த மைதானம் அது. 400 மீற்றர் தடை தாண்டலில் டங்கன் வைற் 51.8 செக்கனில் ஓடி வெள்ளி எடுத்த இடம். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த அதே வருடம். அதற்குப் பிறகு 2000இல் சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க ஓடும் வரைக்கும் எங்கள் தீவுக்கு இன்னொரு ஒலிம்பிக் பதக்கம் கிடைக்கவில்லை. அப்பா தபால் கந்தோரில் வேலை செய்தவர். பஸ்சைப் பிடிக்கக்கூட ஓடாதவர். அடுத்த பஸ் வரும்தானே என்பார். ஆனால் ஓடினவர்களின் பெயரும் வருடமும் நேரமும் அவருக்கு நாக்கு நுனியில் நிற்கும். பேப்பரில் படித்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்போலச் சொல்லுவார்.

வைற் முடிந்தால் எதிர்வீரசிங்கம் வருவார். யாழ். மத்திய கல்லூரிப் பெடியன், 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதல் ஆசியத் தங்கம் கொண்டுவந்தவர். புத்தகங்கள் 2.03 மீற்றர் என்று சொல்லும். அப்பாவுக்கு அது ஆறடி எட்டங்குலம். "இந்தக் கதவு நிலையைப் பாருங்கோ பிள்ளை, இதைவிட உயரம்" என்று கையைத் தூக்கிக் காட்டுவார். எங்கள் வீட்டு நிலையில் அவருடைய விரல் பட்டுப் பட்டு ஓரிடம் கறுத்திருந்தது.

வடமராட்சிக்காரருக்கு வீரம் என்றால் முதலில் கடல். 1954இல் நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் ஆழிக்குமரன் ஆனந்தன் போனதோடு நில்லாமல் திரும்பியும் நீந்தி வந்தார். 1984 ஓகஸ்ட் 6ஆம் திகதி அவர் ஆங்கிலக் கால்வாயில் இறந்துபோன செய்தி வந்தபோது அப்பா வானொலியை நிற்பாட்டிவிட்டு விறாந்தையில் போய் இருந்தவர், இரவுச் சாப்பாட்டுக்கும் எழும்பவில்லை. நான் வெகுகாலம் கழித்து, இங்கே வந்த பிறகுதான் அறிந்தேன்: அதற்கு முதல்நாள், ஓகஸ்ட் 5ஆம் திகதி, லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முதலாக மரதன் ஓட்டம் நடந்திருக்கிறது. ஜோன் பெனொயிற் 2 மணி 24 நிமிடம் 52 செக்கனில் ஓடி முடித்திருக்கிறார். பெண்ணின் உடம்பு அவ்வளவு தூரம் தாங்காது என்று சொல்லிச் சொல்லியே 1896இலிருந்து அதுவரை பிற்போட்டிருக்கிறார்கள். அந்தச் செய்தி எங்கள் ஒழுங்கைக்கு வந்து சேரவில்லை. வந்திருந்தாலும் அப்பா அதை என்னிடம் சொல்லியிருப்பாரா என்பது வேறு கதை.

எங்கள் வீடு பருத்தித்துறையிலிருந்து வல்வெட்டித்துறைக்குப் போகும் கரையோரத் தெருவில், திக்கம் பக்கமாக இருந்தது. தெருவுக்கு வடக்கே கடல். தெற்கே முருகைக்கல் மதில்கள். மாசி மாதத்தில் பெடியள் பள்ளிக்கூடத்து மரதன் எங்கள் படலையைத் தாண்டித்தான் போகும். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னோட்டமாக அதை ஒரு விடியக் காலையில் வைப்பார்கள். வெயில் ஏறினால் பிள்ளைகள் விழுந்துபோவார்கள் என்று பி.ரி. மாஸ்டருக்குப் பயம்.

அம்மம்மாவின் ஆயத்தம் முதல்நாள் பின்னேரமே தொடங்கிவிடும். தேசிக்காயை அடுப்புச் சாம்பலுக்கு மேலே கொஞ்சம் வாட்டி எடுத்தால் சாறு கூட வரும் என்பது அவருடைய கணக்கு. வாளித் தண்ணீரில் தேசிக்காயைப் பிழிந்து, உப்பும் சீனியும் போட்டு, அகப்பையால் கிண்டி, உள்ளங்கையில் ஒரு துளி விட்டு நக்கிப் பார்ப்பார். "உப்பு முன்னுக்குத் தெரியவேணும், சீனி பின்னுக்கு வரவேணும்." விளையாட்டு வீரருக்கென்று இன்றைக்குக் கடையில் கலர் கலராக விற்கிற போத்தல்களைத் திருப்பி வாசித்துப் பார்த்தால், சாயத்தைத் தவிர்த்து, உள்ளே இருப்பது அதுதான். தோடம்பழத்தை நாலாகப் பிளந்து தட்டில் அடுக்குவது என் வேலை. குளுக்கோசைப் பேப்பர்த் துண்டில் சுருட்டி வைப்பது அம்மாவின் வேலை.

தண்ணீர் கொடுக்கிற கலையை நான் அம்மம்மாவிடம் பார்த்துப் படித்தேன். அதற்கு மூக்குப்பேணிதான் சரி. பெடியன் நில்லாமல் தலையை அண்ணாந்தபடி வருவான். அவன் நடையோடு இரண்டு எட்டு கூடவே போய், மூக்கு வழியாக மெல்லிய தாரையாக அவன் வாய்க்குள் விடவேண்டும். அரைவாசி தாடையால் வழிந்து கழுத்துக்குள் போய்விடும், அதுவும் நல்லதுதான். தலையில் ஊற்றலாம். காலில் மட்டும் ஊற்றக்கூடாது. "சப்பாத்துக்குள்ளை தண்ணி போனா கொப்புளம் போடும்" என்று சத்தம் போடுவார். வந்தவர்களில் பாதிப் பேர் வெறுங்கால். மற்றவர்களுடைய வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்க்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். மற்ற நாள்களில் எங்கள் கிணற்றடியில் ஆருக்கு எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் என்று ஒரு கணக்கு இருந்தது. ஊரை இனிப்பாக மட்டும் நினைக்க ஆசைப்படுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். மரதன் அன்றைக்கு மட்டும் அம்மம்மா ஆர், எவர் என்று கேட்டதில்லை. எந்த இல்லம் என்றும் கேட்டதில்லை. நீல இல்லத்தில் ஓடுகிற சொந்தப் பேரனுக்கும் ஒரே தாரைதான். வருடத்தில் ஒரு காலை மட்டும் அப்படி நடந்தது என்பதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. நடந்தது என்று சொல்கிறேன்.

முதலாவதாக வருகிறவன் எங்கள் படலையில் நின்றதே இல்லை. கண் ஒரு பக்கமும் திரும்பாமல் போய்விடுவான். நடுக்கூட்டம் தள்ளிக்கொண்டு வந்து தோடம்பழத்தை அள்ளும். அம்மம்மா காத்து நிற்பது கடைசிப் பெடியனுக்கு. சிலவேளை வெயில் நன்றாக ஏறிய பிறகு, நடையும் ஓட்டமுமாக, சைக்கிளில் ஒரு மாஸ்டர் பின்னால் வர, அவன் வருவான். அவனுக்குத்தான் மிஞ்சிய தோடம்பழம் முழுவதும். அவன் போன பிறகே வாளியை உள்ளே எடுக்கலாம்.

இதற்கு அப்பா வைத்திருந்த கதை கருணானந்தாவுடையது. 1964 டோக்கியோ ஒலிம்பிக், 10,000 மீற்றர். மற்ற எல்லாரும் ஓடி முடித்துவிட்டார்கள். 67ஆம் இலக்கம் போட்ட இலங்கையர் ரணதுங்க கருணானந்தா மட்டும் தனியே இன்னும் சுற்றிக்கொண்டிருந்தார். முதலில் சிரித்த சனம் பிறகு எழும்பி நின்று கைதட்டியது. ஜப்பான்காரர் அவர் கதையைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் சேர்த்தார்கள். "அண்டைக்கு வெண்ட அமெரிக்கன்ரை பேர் பில்லி மில்ஸ். ஆருக்குத் தெரியும்?" என்று அப்பா கேட்பார். அவருக்குத் தெரியும் என்பதுதான் வேடிக்கை.

எங்கள் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மரதன் என்ற பேச்சே இல்லை. 100 மீற்றர், அஞ்சல் ஓட்டம், சாக்கோட்டம், தேசிக்காய் ஓட்டம், வினோத உடை. தேசிக்காய் ஓட்டத்தில் கரண்டியை வாயில் கவ்விக்கொண்டு பழம் விழாமல் போகவேண்டும். அவசரப்படாதவளுக்குத்தான் பரிசு. ஓட்டப்போட்டி என்று பேர் வைத்துக்கொண்டு, ஓடாமல் இருக்கப் பழக்கினார்கள். 100 மீற்றரில் நான் கெட்டிக்காரி. இல்லத்துக்கு ஓடி இரண்டு மூன்று பீங்கான் கோப்பைகள் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். சாமத்தியப்பட்ட பிறகு அதுவும் நின்றது. ஒருவரும் தடுக்கவில்லை, சத்தம் போடவில்லை. அடுத்த தவணைப் பெயர்ப்பட்டியலில் என் பெயர் இருக்கவில்லை, அவ்வளவுதான். சைக்கிள் கிடைத்தது. யாழ்ப்பாணத்துப் பெட்டையளுக்குச் சைக்கிள் பெரிய விடுதலை. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் மரதன் காலைகளில் பேணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாவின் பக்கத்தில் இரண்டு எட்டுப் போகிறபோது, அடுத்த எட்டையும் வைத்தால் என்ன என்று கால் கேட்கும்.

1987 வைகாசியில் 'ஒப்பரேசன் லிபரேசன்' என்று இராணுவம் வடமராட்சிக்குள் வந்தபோது ஊர் முழுக்க ஓடியது. அம்மம்மாவை அண்ணா சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு வந்தான். அம்மா ஒரு கையால் என்னையும் மறுகையால் தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு ஓடினார். அன்றைக்குத் தெருவோரத்தில் நிற்க ஒருவரும் இல்லை, எல்லாரும் ஓடுகிறவர்களாகிவிட்டார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதினவர்கள் பலர் இருக்கிறார்கள். எங்கள் வயதுப் பெண்கள் பலருக்கு வளர்ந்த பிறகு ஓடியது என்றால் அது ஒன்றுதான் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அதனால்தான், ஹரோவில் என் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு ஒரு தாதி "நீங்கள் கொஞ்சம் ஓடிப் பார்க்கலாமே" என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சீனி எல்லையில் நின்றது. எச்பிஏ1சி என்ற அளவு 42க்கும் 47க்கும் இடையில் இருந்தால் இங்கே நீரிழிவுக்கு முந்திய நிலை என்று எழுதுவார்கள். எங்கள் சனத்துக்கு அது மற்றவர்களைவிடக் கூடுதலாகவும் இளவயதிலேயும் வருகிறது. அப்பாவுக்குச் சலரோகம். அண்ணாவுக்கும் வந்துவிட்டது. நடக்கிறேன் என்றேன். மகள் கேட்கவில்லை, என் கைத்தொலைபேசியில் 'கவுச் ரு ஃபைவ் கே'யை ஏற்றித் தந்துவிட்டாள்.

1996இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் ஐம்பதைத் தாண்டிய தன் தாயை மனத்தில் வைத்துப் போட்ட திட்டம் அது. ஒன்பது கிழமை, கிழமைக்கு மூன்று நாள். முதல் கிழமையில் 60 செக்கன் ஓட்டம், 90 செக்கன் நடை, மாறி மாறி 20 நிமிடம். ஐந்தாம் கிழமையின் மூன்றாம் நாளில் திடீரென்று 20 நிமிடம் நில்லாமல் ஓடச் சொல்லும். அந்த நாளை நினைத்து உலகம் முழுக்க நித்திரை இல்லாமல் கிடந்திருக்கிறார்கள். இரகசியம் ஒன்றுமில்லை. மெதுவாக ஓடினால் ஓடிவிடலாம்.

மாரிகாலம் என்றபடியால் பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிடும். அது வசதி. இருட்டில் தமிழர் ஒருவரும் என்னை அடையாளம் காணமாட்டார்கள். ஆனாலும் ஒருநாள் மின்விளக்கடியில் கோயிலுக்குப் போகிற மாமி ஒருத்தி பிடித்துவிட்டார். "என்ன பிள்ளை, ஆர் துரத்தினது?" இந்தக் கேள்வியை ஓடுகிற தமிழ்ப் பெண்கள் எல்லாரும் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். "சீனி துரத்துது மாமி" என்றேன். மாமி சிரிக்கவில்லை. தனக்கும் இருக்கிறது என்றார்.

ஓட்டத்தில் முன்னேறுவது எப்படி என்று பிறகு பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பெரிய வித்தை இல்லை என்பதால் சுருக்கமாகவே சொல்லலாம். புதிதாக ஓட வருகிறவர் எல்லாரும் தேவைக்கு மேல் வேகமாகத்தான் ஓடுவார்கள். நெஞ்சும் மூச்சும் சில கிழமைகளில் தேறிவிடும். தசைநாரும் எலும்பும் பழக மாதங்கள் எடுக்கும். இந்த இடைவெளியில்தான் முழங்காலும் கணுக்காலும் நோகும், முன்காலெலும்பில் குத்தும். ஆகவே கிழமை ஓட்டங்களில் பெரும்பகுதி, பக்கத்தில் வருகிறவரோடு கதைத்துக்கொண்டு ஓடக்கூடிய வேகத்தில் இருக்கவேண்டும். நான் தனியே ஓடுகிறவள். தேவாரம் முணுமுணுத்துப் பார்ப்பேன். ஓர் அடி மூச்சு வாங்காமல் வராவிட்டால் வேகம் கூடிவிட்டது என்று கருத்து. கிழமையில் ஒருநாள் மட்டும் பெரிய குன்றில் கீழிருந்து பாதிவரை விரைந்து ஏறி, நடந்து இறங்கி, மீண்டும் ஏறுவேன். தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவேன். சப்பாத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. அறுநூறு, எழுநூறு கிலோமீற்றர் ஓடினால் அதன் அடி செத்துவிடும். இவ்வளவும் செய்து 5 கிலோமீற்றரை 40 நிமிடத்துக்கு மேலிருந்து 33க்குக் கொண்டுவந்தேன். ஓட்டக்காரருக்கு இது நேரமே அல்ல. ஸ்காபரோவில் இருக்கிற அண்ணா தொலைபேசியில் கேட்டு, "நான் பத்தாம் வகுப்பிலை ஓடினதைவிடப் பிந்தித்தான்" என்று சொல்லிச் சந்தோசப்பட்டுக்கொண்டான். அவன் இப்போது மாடிப்படி ஏறுவதற்கே கைப்பிடியைப் பிடிக்கிறான்.

மெதுவாக ஓடுவதில் ஒரு சங்கடம் உண்டு. வேகமாக ஓடுகிறபோது மனம் முழுக்க மூச்சில் இருக்கும். மெதுவாக ஓடினால் அதற்கு வேலை இல்லை. அது தன் பாட்டில் போய்விடும். போகிற இடம் எனக்கு எப்போதும் ஒன்றுதான். குன்றடிக் குளத்தைச் சுற்றிக்கொண்டிருப்பேன். கடல் வலக்கைப் பக்கம் வந்துவிடும். சாதாளை அழுகுகிற மணமும் கருவாடு காய்கிற மணமும் சேர்ந்து வரும். பருத்தித்துறையிலிருந்து தொடங்கி இன்பர்சிட்டி, திக்கம், பொலிகண்டி என்று தெரு வரிசைப்படி வரும். மதில் எந்த இடத்தில் உடைந்திருந்தது, எந்தப் படலைக்குள் நாய் இருந்தது, எந்த வீட்டுப் பூவரசு தெருவுக்குள் சரிந்திருந்தது என்பதெல்லாம் பிசகாமல் வரும். ஊரில் இருந்த காலத்தில் அந்தத் தெரு முழுவதையும் நான் ஒருமுறைகூட ஓடியதில்லை. அண்ணா ஓடினான். நான் எங்கள் படலைக்கு முன்னால் இரண்டு எட்டுத்தான். மிச்சத்தைச் சைக்கிளில் போய் அறிந்தேன். ஆனால் நினைவில் அது ஓடுகிற வேகத்தில்தான் நகர்கிறது, ஒவ்வொரு படலையிலும் ஆரோ செம்போடு நிற்கிறார்கள்.

இங்கே வீதிகளில் ஓடத் தொடங்கிய பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. மரதன் தூரமான 42.195 கிலோமீற்றர் பிறந்தது எங்கள் வீட்டுப் பக்கத்தில். 1908 ஒலிம்பிக்கில் வின்ட்சர் அரண்மனையிலிருந்து வைற் சிற்றி மைதானம் வரைக்கும் அவ்வளவு தூரம் வந்தது. 1921இல் அதையே உலகத்துக்கெல்லாம் அளவாக நிறுத்திவிட்டார்கள். பாதை அக்ஸ்பிரிட்ஜ், ரைஸ்லிப், பின்னர், ஹரோ, சட்பரி, வெம்ப்ளி வழியாகப் போயிருக்கிறது. இன்றைக்கு நாங்கள் இடியப்பமும் தூளும் வாங்கப் போகிற இடங்கள். அந்த யூலை வெயிலில் இத்தாலியரான டொரண்டோ பியத்ரி முதலாவதாக மைதானத்துக்குள் வந்து, விழுந்து, எழும்பி, மீண்டும் விழுந்தார். நின்றவர்கள் தாங்கி எல்லைக்கோட்டைத் தாண்ட வைத்தார்கள். உதவி பெற்றார் என்று அவரை நீக்கி, ஜோனி ஹேய்ஸ் என்ற அமெரிக்கருக்குத் தங்கம் கொடுத்தார்கள். மறுநாள் அலெக்சாண்ட்ரா அரசி பியத்ரிக்குத் தனியே ஒரு கிண்ணம் கொடுத்தார். சட்டப்படி நீக்கியது சரிதான். எனக்கு அம்மம்மா அந்த மைதானத்தில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பார் என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

லண்டன் மரதன் 1981 மார்ச் 29ஆம் திகதி தொடங்கியது. முதலாவதாக வந்த அமெரிக்கரும் நோர்வேக்காரரும் கைகோத்துக்கொண்டு ஒன்றாகக் கோட்டைத் தாண்டினார்கள் என்பதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். பெண்களில் வென்ற ஜோய்ஸ் சிமித்துக்கு அப்போது வயது 43, இரண்டு பிள்ளைகளின் தாய், நேரம் 2 மணி 29 நிமிடம் 57 செக்கன் என்பதை என் மகள்தான் தேடித் தந்தாள். அந்த மாதங்களில் எங்கள் ஊரில் நான் தோடம்பழத்தை நாலாகப் பிளந்துகொண்டு இருந்திருப்பேன்.

ஆனால் எனக்குப் பிடித்த கதை 'பார்க்ரன்' தொடங்கிய கதை. 2004 ஒக்ரோபர் 2ஆம் திகதி, புஷி பூங்காவில், 13 பேர் ஓடினார்கள். ஒழுங்கு செய்த போல் சின்ரன்-ஹியூவிற் அன்று ஓடவில்லை. காயம்பட்டு ஓட முடியாமல் இருந்தவர். ஓடுகிற சிநேகிதரை விட்டுப் பிரிய மனமில்லாமல், கையில் மணிக்கூட்டோடு ஓரத்தில் நின்றார். இடங்களைக் குறிக்க இரும்புக் கடையில் வாங்கிய வாசர்களில் இலக்கம் அடித்துக் கொடுத்தார்கள். இன்று பல நாடுகளில் சனிக்கிழமை தோறும் நடக்கிறது, காசு வாங்குவதில்லை. நோர்தாலாவிலும் உண்டு. ஓடாதவர் ஒருவர் தெருவோரத்தில் நின்றதால் உண்டான சங்கதி என்று அறிந்தபோது எனக்கு அதில் நம்பிக்கை வந்தது.

போர் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு ஊருக்குப் போனபோது சப்பாத்தையும் கொண்டுபோனேன். விடிய ஐந்தரைக்கு, நீளக் காற்சட்டையும் தளர்ந்த மேற்சட்டையுமாக, பருத்தித்துறைப் பக்கம் போய் அங்கிருந்து தொடங்கினேன். தெரு அகலமாகி, தார் மினுங்கியது. முருகைக்கல் மதில்கள் சில நின்றன. பல இடங்களில் சீமெந்துக்கல் வந்துவிட்டது. கடல் வலக்கைப் பக்கம்தான் இருந்தது. பாதிப் படலைகளுக்குப் பூட்டு. பூட்டுக்குரியவர்கள் பாரிசிலும் மெல்பேணிலும் ஸ்காபரோவிலும் இருந்தார்கள். வலை காயப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டார்கள். பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெடியன் சைக்கிளில் வந்தான். ரியூசனுக்குப் போகிறவனாக இருக்கவேண்டும். கொஞ்சத்தூரம் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு வந்து, "அன்ரி, எங்கை அவசரமாப் போறியள்? ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறன்" என்றான்.

ஏறியிருக்கலாம். அவ்வளவு நல்ல பெடியன். "சும்மா ஓடுறன் தம்பி" என்றேன். அவன் அதை நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சிரித்துவிட்டு, ஒரு மிதி மிதித்துப் போனான். எங்கள் வீடு இருந்த இடத்தில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். வாசல் துப்புரவாக இருந்தது. நான் நிற்கவில்லை. பொலிகண்டி தாண்டி ஒரு கடையில் தண்ணீர்ப் போத்தல் வாங்கிக் குடித்தேன். கடைக்காரர் மிச்சக் காசைத் தந்துவிட்டு, "வெளிநாடோ?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

பள்ளிக்கூட மரதன் இப்போதும் நடக்கிறது என்றார்கள். வீட்டுக்கு வீடு முன்னைப்போல ஆட்கள் இல்லை என்றும் சொன்னார்கள். தெரு போனதற்கு நான் கவலைப்படவில்லை. தெருக்கள் மாறத்தான் வேண்டும். மதிலும் அப்படித்தான். பெண்பிள்ளைகளை ஓடவிடாத அந்த ஒழுங்கு போனதற்குச் சந்தோசம். போய்விட்டதென்று என் மனம் ஆறாமல் இருப்பது ஒன்றுக்குத்தான்: தனக்கு ஒரு ஆதாயமும் இல்லாத ஓட்டத்துக்கு விடிய எழும்பித் தேசிக்காய் பிழிந்த அந்தக் கிழவிகள். அவர்கள் ஒரு மீற்றர்கூட ஓடியதில்லை. அவர்கள் இல்லாமல் அந்த மரதன் இல்லை.

ஹரோ, நோர்த்தோல்ட், வெம்ப்ளிப் பக்கம் இருக்கிற எங்கள் ஆட்களுக்கு, முக்கியமாகச் சீனி எல்லையில் நிற்கிற அக்காமாருக்கு, ஒரு சொல். பார்க்ரன், சனிக்கிழமை காலை ஒன்பது மணி. ஒருமுறை பெயரைப் பதிந்து, அப்போது தருகிற பட்டைக்கோட்டை அச்செடுத்துக்கொண்டு வந்தால் போதும். 5 கிலோமீற்றரையும் நடக்கலாம். ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். தொண்டர் ஒருவர் எல்லாருக்கும் பின்னாலேயே வருவார், அதனால் நீங்கள் கடைசி ஆளாக வரப்போவதில்லை. முழங்கால் இடம் தராதவர்கள் வளைவில் மஞ்சள் அங்கியோடு நின்று வழி காட்டலாம், நேரம் பிடிக்கலாம், பட்டைக்கோட்டைப் பதியலாம். ஓடுகிறவர்களைவிட நிற்கிறவர்களுக்குத்தான் அங்கே எப்போதும் தட்டுப்பாடு. முதலில் அதற்கு வாருங்கோ.